குறுக்காகக் கிடந்த இரண்டு தண்டுகள்

நண்பர்களே, வணக்கம். காதலிப்பவர்கள் ஒருவருக்கொருவர் எதையும் மறைக்கக் கூடாது என்பார்கள். இப்போது நாம் பார்த்து முடித்த படத்தில் இருவருமே மறைக்கிறார்கள். அந்த மறைப்புதான் அவர்கள் காதல்.

'ஒன் வே பாஸேஜ்', 1932. வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு, இயக்கம் டே கார்னெட். இதன் கதைக்காக ராபர்ட் லார்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனாலும் பழைய படங்களை விரும்பித் தேடுகிறவர்களில்கூட இதைப் பார்த்தவர்கள் குறைவு. எனக்கு அது பெரிய வருத்தம்.

ஹாங்காங் மதுக்கூடத்தில் டானும் ஜோனும் சந்திக்கிறார்கள். குடித்துவிட்டுக் கோப்பைகளை உடைத்து, அவற்றின் காம்பு போன்ற தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைக்கிறார்கள். வெளியே வந்ததும் டானைப் போலீஸ்காரர் பிடிக்கிறார். சான் பிரான்சிஸ்கோ அருகே உள்ள சான் குவென்டின் சிறையில் அவனுக்குத் தூக்கு. ஜோனுக்கு மனது கொஞ்சம் அதிர்ந்தாலே உயிர் போய்விடும் என்கிற அளவுக்கு நோய். இருவரும் ஒரே கப்பலில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறார்கள்.

கேட்டால் அழுகாச்சிப் படம் என்று தோன்றும். அப்படி இல்லை. போலிச் சீமாட்டியாக வரும் அலைன் மக்மேனும், எந்நேரமும் போதையில் திரியும் ஃபிராங்க் மக்ஹியூவும் நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

வழியில் கப்பல் நிற்கும் ஹொனலூலுவைக் கவனித்தீர்களா? டானுக்குத் தப்ப வழி தயாராக இருக்கிறது. அந்த நேரத்தில் ஜோன் மயங்கி விழுகிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்கே திரும்புகிறான். உயிரையே விட்டுக்கொடுக்கும் அந்த இடத்தில், டானாக நடிக்கும் வில்லியம் பாவெல் அதைப் பெரிதாகப் பேசிக் காட்டுவதில்லை.

அப்புறம் அந்தப் பிரிவு. அதற்குள் இருவருக்கும் மற்றவரின் உண்மை தெரிந்துவிட்டது. ஆனாலும் புத்தாண்டு இரவில் மெக்சிகோவின் அகுவா காலியென்டேயில் சந்திப்போம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வாய் சிரிக்கிறது, ஜோனாக நடிக்கும் கே ஃபிரான்சிஸின் கண்கள் மட்டும் அவனை விடவில்லை. இந்த ஜோடி சேர்ந்து நடித்த கடைசிப் படம் இது.

இத்தனையும் எழுபது நிமிடத்துக்குள். 1940-இல் அதே ஸ்டுடியோ இதை மறுபடி எடுத்தபோது அரை மணி நேரம் நீட்டியது. நீட்டியதில் இந்த மௌனம் கரைந்துபோனது என்பது என் எண்ணம்.

புத்தாண்டு இரவு. கூட்டமும் கும்மாளமும். மதுக்கூட ஊழியர்கள் இருவருக்குக் கண்ணாடி உடையும் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்க்கிறார்கள். யாருமில்லை. மேசைமேல் இரண்டு தண்டுகள், குறுக்காக.