தளைநாரும் மனத்திட்பமும்

நேயர்களுக்கு வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, அவற்றில் பெரும்பகுதியைக் கோவில்பட்டி வட்டாரத்து ஹாக்கித் திடல்களில் விசில் ஊதியே கழித்தவன் என்ற தகுதியில், ஆட்டத்திலும் பொருளீட்டலிலும் வெற்றி பெற வேண்டிய மன உறுதியைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. பொருளீட்டலைப் பற்றிப் பேச எனக்குள்ள ஒரே உரிமை, அதில் ஒரு முறை நன்றாக அடிபட்டிருக்கிறேன் என்பதுதான். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

மன உறுதி என்றாலே பல்லைக் கடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, 'எனக்குப் பயமே கிடையாது' என்று முழங்குவது என நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மேடையேறித் தன்னம்பிக்கை ஊட்டுகிறவர்கள் நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். கைதட்டி முடித்து வெளியே வந்து பஸ் ஏறுவதற்குள் அந்தச் சூடு ஆறிவிடுகிறது. வள்ளுவர் இதற்கு வைத்த சொல் மனத்திட்பம். வினைத்திட்பம் என்ற அதிகாரத்தின் முதற்குறளிலேயே அது வருகிறது. செயலின் உறுதியைச் சொல்லும் இடத்தில்தான் அவர் மனத்தின் உறுதியைச் சொல்கிறார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். எனக்கு அந்தச் சொல்லின் பொருள் புரிந்தது வகுப்பறையில் அல்ல. உடன்குடிப் பக்கம், ஒரு பனை மூட்டில்.

என் தாய்மாமா பனையேறி. பங்குனியில் தொடங்கி ஆடி வரையில், விடியுமுன் ஒரு முறையும் பொழுது சாயும் நேரத்தில் ஒரு முறையும், நாளொன்றுக்கு முப்பது நாற்பது பனை ஏறி இறங்குவார். பள்ளிக்கூட விடுமுறையில் நான் அவருக்குக் கையாள். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவித் தருவது என் வேலை. சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பது நம் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். எனக்கு அப்போது பதினான்கு வயது.

ஒரு நாள் மாலை, ஓலைக்கொண்டைக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அவர் இருந்தபோது, இரண்டு கால்களையும் இணைத்திருந்த தளைநார் அறுந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. காய்ந்த குச்சியை ஒடித்தாற்போல் ஒரு சின்ன ஒலிதான். அவருடைய கால்கள் இரண்டும் மரத்தை விட்டு விலகின. இடுப்பில் கட்டியிருந்த அருவாப்பெட்டி ஒரு பக்கமாகத் தொங்கியது. இரண்டு கைகளாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை அதில் ஒட்டி, அப்படியே நின்றார். கீழே நின்ற எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மேலேயிருந்து ஒரு குரல் வந்தது: "ஏலே, அந்தக் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிட்டியா?"

நேயர்களே, பல ஆண்டுகள் இந்தக் கேள்வியை நான் வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லிவந்தேன். உயிர் ஊசலாடும்போது சுண்ணாம்பைப் பற்றி விசாரித்த மனிதர் என்று சொல்லிச் சிரிப்போம். ஆசிரியர் வேலைக்கு வந்து, ஆட்டக்காரப் பிள்ளைகள் தோல்வியின் விளிம்பில் என்ன ஆகிறார்கள் என்று பார்க்கப் பார்க்கத்தான் அவர் செய்தது என்ன என்று விளங்கிற்று. 'ஐயோ, விழப்போகிறேன்' என்று ஓடவிருந்த மனத்தை, தினமும் கேட்கிற ஒரு சாதாரணக் கேள்வியைக் கொடுத்து அவர் கட்டிப்போட்டார். நான் "தடவிட்டேன் மாமா" என்றேன். "சரி" என்றார். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி இறங்கினார்; நெஞ்சிலும் தொடையிலும் தோல் உரிந்திருந்தது. உட்கார்ந்து ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டு அவர் சொன்னதையும் கேளுங்கள். கோயில் கொடைக்குப் போகும் அவசரத்தில் அன்றைக்கு நாரை முறுக்கிப் பார்க்காமல் ஏறிவிட்டாராம். அவருக்கு வருத்தம் விழப்பார்த்ததில் இல்லை, பார்க்காமல் ஏறியதில்தான் இருந்தது. மறுநாள் விடியலில் புது நாரை மூன்று முறை முறுக்கிப் பார்த்துவிட்டு அதே பனையில் ஏறினார்.

இந்தக் கதையில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஏறுவதற்கு முன் நாரைப் பார்ப்பது ஒன்று. நார் அறுந்த பிறகு மனத்துக்கு ஒரு சின்ன வேலை கொடுப்பது மற்றொன்று. நான் பிறகு படித்த உளவியல் எதுவும் இவற்றுக்கு மேல் அதிகமாக எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஹாக்கி பார்க்கிறவர்களுக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் தெரிந்திருக்கும். கோலுக்கு நேரே ஏறக்குறைய ஆறரை மீட்டர் தூரத்தில் பந்தை வைத்து, கோல்காப்பாளர் ஒருவரே எதிரில் நிற்க, ஒரே தொடுகையில் அடிக்க வேண்டும். கோலின் அகலம் 3.66 மீட்டர். பயிற்சியில் பத்துக்கு ஒன்பது போடுகிற ஒரு பையன் என்னிடம் இருந்தான். மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான இறுதி ஆட்டத்தில் அவன் ஸ்ட்ரோக் எடுக்கப் போனபோது, நான் எல்லைக்கோட்டில் நின்று, "பயப்படாதே, தைரியமா அடி" என்று கத்தினேன். பந்து கம்பத்துக்கு இரண்டு முழம் தள்ளிப் போயிற்று. பயத்தைப் பற்றி நினைக்காமல் இருந்தவனுக்குப் பயத்தை நினைவூட்டிய பெருமை என்னைச் சேரும்.

அதன் பிறகு தைரியம் சொல்வதை விட்டுவிட்டேன். அவனுக்கு ஒரு நார் முறுக்கிக் கொடுத்தேன். பந்தை வைத்ததும் மட்டையின் அடியைக் காலுறையில் இரண்டு முறை துடைக்க வேண்டும். மூச்சை இழுத்ததைவிட இரண்டு பங்கு நேரம் எடுத்து வெளியே விட வேண்டும். எந்த மூலை என்பதை விசிலுக்கு முன்பே முடிவு செய்துவிட்டு, பிறகு அதை மாற்றவே கூடாது. மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு தணியும் என்பது உடலியல். இதில் மந்திரம் ஏதும் இல்லை. ஆனால் இதை நிழலில் நின்று பழகினால் பயனில்லை. திடலை நான்கு சுற்று ஓடவிட்டு, இளைக்கும்போதே ஸ்ட்ரோக் எடுக்கச் சொன்னேன். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி ஏளனம் செய்யச் சொன்னேன். அவர்கள் அந்த வேலையை மிகவும் விரும்பிச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு அதே கட்டத்தில் அவன் கோல் போட்டான். நாங்கள் ஆட்டத்தில் தோற்றோம், அது வேறு கதை.

பதற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இரண்டு அறிஞர்கள் 1908-இல் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையில், கடினமான வேலையைக் கற்பதற்கு மிகக் குறைந்த தூண்டுதலும் உதவவில்லை, மிகக் கடுமையான தூண்டுதலும் உதவவில்லை, நடுத்தரமானதே உதவியது என்று கண்டார்கள். பதற்றமும் அந்தத் தூண்டுதலைப் போன்றதுதான்; அளவோடு இருக்க வேண்டும்.

அதே 1908-இல்தான் வ.உ.சிதம்பரனாருக்கு இதே திருநெல்வேலியில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் செக்கிழுத்ததை எல்லோரும் சொல்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்த பிறகு நடந்தது. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி அதற்குள் மூடப்பட்டுவிட்டது. வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமாகிய சன்னதும் போய்விட்டது. கப்பலோட்டியவர் சென்னையில் சிறு வியாபாரம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். பின்னர் சன்னதை மீட்டுக் கோவில்பட்டியில் வழக்காடினார். அதற்கிடையே தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். மன வலிமையைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழில் தந்தவரும் அவரே. போன கப்பலுக்காக அழுதுகொண்டிருக்காமல், அன்றன்றைக்குக் கைக்கு எட்டிய வேலையைப் பார்த்தார். சுண்ணாம்பு தடவியாயிற்றா என்று கேட்ட குரலைத்தான் நான் அங்கேயும் கேட்கிறேன்.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். மன உறுதி இல்லாததால்தான் ஏழை ஏழையாக இருக்கிறான் என்று பேசுகிறவர்களை நான் ஏற்பதில்லை. மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்த குழந்தைகளே பின்னாளில் முன்னேறினார்கள் என்று அமெரிக்காவில் வால்டர் மிஷெல் என்ற உளவியல் அறிஞர் செய்த ஆய்வு பெரும்புகழ் பெற்றது. 2018-இல் அதையே கூடுதல் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பச் சூழ்நிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்த வேறுபாடு மிகவும் சுருங்கிவிட்டது. வயிறு நிறைந்த பிள்ளைக்குக் காத்திருப்பது எளிது. காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுந்த பையனிடம் மனத்திட்பம் பேசிய பாவத்தை நானும் செய்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து வானொலி நிலையத்தார் மூன்று விரல்களைக் காட்டுகிறார்கள்; மூன்று நிமிடமே மீதி. பனையிலேயே அதிக நேரம் இருந்துவிட்டேன். பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நூறு ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலைத்த வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 1979 முதல் கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் எழுதினார்கள். நான் அதை மெய்ப்பித்தேன். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச்சந்தைத் திட்டம் ஒன்றில் போட்டிருந்தேன். 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் என்ற மும்பைப் பங்குச்சந்தைக் குறியீட்டெண், மார்ச் 23-ஆம் தேதி 25,981-இல் முடிந்தது. அந்த வாரத்தில் இரண்டு இரவுகள் தூங்காமல் இருந்து, மூன்றாம் நாள் காலையில் எல்லாவற்றையும் விற்றேன். அந்த ஆண்டு முடியும்போது அது 47,700-ஐத் தாண்டியிருந்தது. சந்தை ஏறும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அது யாருக்கும் தெரியாது. விழுந்தால் என்ன செய்வேன் என்பதை விழுவதற்கு முன் நான் எழுதிவைக்கவில்லை. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தவன், என் பணத்துக்கு நாரை முறுக்கிப் பார்க்காமலே ஏறியிருந்தேன்.

இப்போது என்னிடம் ஒரு சிட்டைப் புத்தகம் இருக்கிறது. ஓராண்டுச் செலவுக்கான பணம் அஞ்சலகத்தில் இருக்கிறதா என்று மாதத்தின் முதல் தேதியில் பார்த்து ஒரு கோடு போடுகிறேன். கெட்ட செய்தி வந்த நாளில் எதையும் விற்பதுமில்லை, வாங்குவதுமில்லை. அன்றைக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன். கடன் வாங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு இதில் வேறு சில செய்திகள் உண்டு, அவற்றையும் குறித்துக்கொண்டுதான் வந்தேன். இன்னொரு விரலும் மடங்கிவிட்டது. வணக்கம்.