புதுக் காய்ச்சலுக்குப் பால் ஆகாது

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஓர் ஆயுர்வேத மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஊரில் ஃப்ளூ காய்ச்சல் பரவ ஆரம்பித்தால் எங்களைப் போன்ற வைத்தியர்களிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "எதிர்ப்புச் சக்திக்கு ஏதாவது லேகியம் எழுதிக் கொடுங்க டாக்டர்." நானும் எழுதிக் கொடுக்கிறவன்தான். ஆனால் எந்த நூல்களின் பெயரைச் சொல்லி அந்த லேகியம் விற்பனையாகிறதோ, அந்த நூல்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று இன்று பார்க்கலாம். டப்பாவின் மேல் அச்சடித்திருப்பதற்கும் அவற்றுக்கும் நிறைய தூரம்.

நோயைத் தாங்கும் வலிமையை, சரகர் பெயரில் வழங்கும் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை 'வியாதிக்ஷமத்வம்' என்கிறது. எல்லா உடம்பிலும் அது ஒன்றுபோல இருக்காது என்று சொல்லிவிட்டு, யாருக்கெல்லாம் குறைவு என்று வரிசைப்படுத்துகிறது. மிகவும் பருத்தவர்கள், மிகவும் மெலிந்தவர்கள், சதையும் ரத்தமும் எலும்பும் கட்டாக அமையாதவர்கள், பலவீனர்கள், ஒத்துக்கொள்ளாததைத் தின்றே வளர்ந்தவர்கள், அரை வயிறு சாப்பிடுகிறவர்கள், மனத்திடம் குறைந்தவர்கள். முதலில் நிற்பவர் யார் என்று கவனித்தீர்களா? 2009-இல் பன்றிக் காய்ச்சல் உலகமெங்கும் பரவியபோது, உடல் பருமன் உள்ளவர்களுக்கு நோய் கடுமையாகிறது என்று நவீன மருத்துவர்களும் கண்டார்கள். உடனே 'நம் முன்னோருக்கு அப்போதே எல்லாம் தெரியும்' என்று மார்தட்ட வேண்டாம். சரகருக்கு வைரஸ் தெரியாது. நோயாளியை உற்றுப் பார்க்கத் தெரிந்திருந்தது.

வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம் என்ற இன்னொரு ஆயுர்வேத நூல் இன்னும் சுருக்கமாகச் சொல்கிறது: அக்னி மந்தித்தால் எல்லா நோயும் வரும். அக்னி என்றால் செரிமானத் தீ. உடல் பலம் குளிர்காலத்தில் அதிகம், மழையிலும் கோடையிலும் குறைவு, மற்ற பருவங்களில் நடுத்தரம் என்பது அவர் கணக்கு. பருவம் மாறும்போது, போகிற பருவத்தின் கடைசி 7 நாளும் வருகிற பருவத்தின் முதல் 7 நாளும் 'ருது சந்தி'. அந்த நாட்களில் பழைய உணவுப் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் புதியதைப் பிடிக்கச் சொல்கிறார். நம் நாட்டில் ஃப்ளூ ஆண்டுக்கு இரண்டு முறை உச்சத்துக்குப் போகிறது. மழையை ஒட்டி வருவது வாக்படர் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வருகிற உச்சம் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. பொருந்தாததையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா?

இப்போது சியவனப்பிராச லேகியத்துக்கு வருவோம். சரகர் தரும் செய்முறையில் 500 நெல்லிக்காய் சேர்கிறது. இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் விசேஷம், முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நல்லது என்கிறார். அளவு என்ன? அடுத்த வேளைச் சாப்பாட்டுப் பசியைக் கெடுக்காத அளவு. எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் இது. லேகியம் தின்று பசி மந்தித்தால் அது அதிகம், அவ்வளவுதான். இன்னொன்றும் இருக்கிறது: உடம்பைச் சுத்தி செய்யாமல் 'ரசாயனம்', அதாவது இதுபோல உடம்பைத் தேற்றும் மருந்து, கொடுப்பது அழுக்குத் துணிக்குச் சாயம் ஏற்றுவது போல என்கிறார் வாக்படர். ஆகவே இது நல்ல உடம்போடு இருக்கும்போது சாப்பிட வேண்டியது. காய்ச்சல் கொதிக்கும்போது கரண்டி கரண்டியாக ஊட்டுவதற்கு நூலில் இடமில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிலுள்ள இனிப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

மஞ்சள் பாலும் அப்படித்தான். 2020-இல், நம் பாரம்பரிய மருத்துவ முறைகளுக்கான மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் மஞ்சள் பாலைப் பரிந்துரைத்தது நோய் வராதவர்களுக்காக. நாமோ காய்ச்சல் வந்த அன்றைக்கே காய்ச்சிக் கொடுக்கிறோம். நாட்பட்ட காய்ச்சலுக்குப் பால் சுகம் தரும், புதுக் காய்ச்சலுக்கு அதே பால் விஷம் என்று சுஸ்ருத சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூலில் சுஸ்ருதர் கடுமையாகவே சொல்கிறார்.

அப்படியானால் புதுக் காய்ச்சலுக்கு என்ன? சரகர் சொல்வது முதலில் லங்கனம், அதாவது வயிற்றுக்கு ஓய்வு. அதுவும் பலம் குன்றாமல். ஆரோக்கியமே பலத்தின் மேல்தான் நிற்கிறது என்று அதே இடத்தில் எச்சரிக்கையும் இருக்கிறது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வயதானவர்களையும் பட்டினி போடாதீர்கள். பிறகு நீர்த்த கஞ்சி. தாகத்துக்கு ஷடங்க பானீயம்: கோரைக்கிழங்கு, பர்ப்படாகம், வெட்டிவேர், சந்தனம், இருவேலி, சுக்கு ஆகிய ஆறும் போட்டுத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது. இதில் வைரஸைக் கொல்லும் ரகசியம் எதுவும் இல்லை. காய்ச்சல்காரருக்கு நாவறட்சியும் நீர்ச்சத்துக் குறைவும் வராமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு.

சீந்தில் என்ற மூலிகைக் கொடி பற்றி ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் வேலியில் படர்ந்ததையெல்லாம் பிடுங்கிச் சாறு எடுத்துக் குடித்தார்கள். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்கள் குடித்தது அதே குடும்பத்து வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. எது சரியானாலும், கொடியை அடையாளம் தெரியாதவர் மாதக்கணக்கில் தானாகக் குடிக்கலாகாது.

தொற்று விஷயத்தில் நம் நூல்களை நாம் மறந்தே போனோம். தொடுவதாலும், மூச்சாலும், ஒன்றாக உண்பதாலும், ஒரே படுக்கையைப் பகிர்வதாலும், ஒருவர் உடுத்திய துணியாலும் நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் என்று சுஸ்ருதர் எழுதி, அந்தப் பட்டியலில் காய்ச்சலையும் சேர்க்கிறார். தும்மலை அடக்காதே என்பது ஆயுர்வேதம். வாயை மூடாமல் தும்மாதே என்பதும் அதே ஆயுர்வேதம். இதற்குக் காசு செலவில்லை, அதனால் விளம்பரமும் இல்லை.

"ஆயுர்வேத டாக்டரே தடுப்பூசி போடச் சொல்றீங்களே" என்று கேட்பார்கள். ஆமாம், சொல்கிறேன். ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் அந்த ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் உங்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். எந்தக் கஷாயமும் இதற்கு மாற்று என்று இதுவரை நிரூபணமாகவில்லை.

மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, நினைவு தடுமாறினாலோ, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறினாலோ கஷாயத்துக்கு அடுப்பு மூட்டாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஃப்ளூவுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரை முதல் 2 நாட்களுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். போகும்போது, வீட்டில் என்னென்ன சூரணம், கஷாயம் சாப்பிட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய் அந்த டாக்டரிடம் காட்டுங்கள்.