பத்து நிமிடத்துக்காக இரட்டை வலுவா?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணாமாரே, அக்காமாரே, கிளிநொச்சி மண்டபம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

குறுந்தூர விமான சேவைக்குப் பெரிதும் வேண்டியது வேகமா, சிக்கனமா என்பதுதான் தலைப்பு. வேகத்தின் பக்கம் நிற்கும் எதிரணி, கனடாவின் டாஷ்-8 கியூ 400 விமானத்தைத் தூக்கிப் பிடித்தது. நான் சிக்கனத்தின் பக்கம். என் விமானம் பிரான்சின் துலூஸ் நகரிலிருந்து வரும் ஏ.ரி.ஆர். இரண்டும் பிரொப்பெல்லர் சுழற்றும் ரேபோபுறொப் விமானங்கள்தான். இரண்டிலும் எழுபது சொச்சம் பேர் போகலாம்.

அண்ணா வேகக் கணக்கோடு வந்தார். அதே கணக்கிலிருந்து தொடங்குகிறேன். கியூ 400 மணிக்கு 667 கிலோமீற்றர் வரை பறக்கும். ஏ.ரி.ஆர். 72 சுமார் 510. நல்ல வித்தியாசம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீற்றர். முழுத் தூரத்தையும் உச்ச வேகத்தில் பறந்தால்கூட மிச்சம் பிடிப்பது பத்து நிமிடம். கொழும்புப் பக்கத்து ரத்மலானையிலிருந்து வவுனியாவுக்கு என்றால் ஆறு நிமிடம். உண்மையில் அதுவும் கிடைக்காது. மேலே ஏறவும் கீழே இறங்கவும் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பவும் போகும் நேரத்தை உச்ச வேகம் குறைக்காது. பக்கத்திலிருக்கும் பரந்தனில் ஏறிக் கிளிநொச்சியில் இறங்குபவருக்கு பஸ் எவ்வளவு விரைவாக ஓடினால்தான் என்ன?

சரி, அந்தச் சில நிமிடத்துக்கு என்ன விலை? ஏ.ரி.ஆர். 72-600இன் ஒவ்வொரு இயந்திரமும் 2,475 குதிரைவலு. கியூ 400இல் ஒவ்வொன்றும் 5,071. வேகம் நூற்றுக்கு முப்பது கூட, வலுவோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இது கனடாக்காரரின் குறை அல்ல. காற்றைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான வலு, வேகத்தின் மூன்றாம் அடுக்குப்படி ஏறும். இயற்கை அப்படித்தான் வைத்திருக்கிறது. வலு கூடினால் இயந்திரம் பாரமாகும், அதைத் தாங்கும் உடலும் பாரமாகும். கியூ 400 முழுப் பாரத்தோடு எழும்பும்போது இருபத்தொன்பதரை தொன், ஏ.ரி.ஆர். 23 தொன். ஏறக்குறைய அதே எண்ணிக்கை ஆட்களுக்கு ஆறரை தொன் கூட! அதையெல்லாம் தூக்குவது எரிபொருள். அதை நாடு டொலர் கொடுத்து வாங்குகிறது. 2022இல் எரிபொருளுக்குக் கானோடு இரவிரவாக வரிசையில் நின்ற சனம் நாங்கள். எங்களுக்கு இதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஏ.ரி.ஆரில் பறந்து, அதன் படிக்கட்டால் இறங்கி வந்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். ஏ.ரி.ஆரின் பின்பக்கக் கதவே படியாக விரியும். சாமான் கதவு முன்னுக்கு இருக்கிறது. நிலத்தில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் கொடுக்கப் பல விமானங்களின் வாலில் ஒரு தனிச் சிறு இயந்திரம் இருக்கும். இதில் அது இல்லை. வலப்பக்க பிரொப்பெல்லருக்கு ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள். பிரொப்பெல்லர் அசையாமல் நிற்க, இயந்திரம் மட்டும் உள்ளே ஓடி அந்த வேலையைச் செய்யும். ஒரு முழு இயந்திரத்தின் பாரத்தையும் பராமரிப்பையும் மிச்சம் பிடித்துவிட்டார்கள். எனக்கு இந்த விமானத்தில் மிகவும் பிடித்தது இதுதான். வசதி குறைந்த ஊர் விமான நிலையத்தை மனதில் வைத்து ஆரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

1994 ஒக்ரோபரில் அமெரிக்காவின் றோஸ்லோன் பக்கம் ஏ.ரி.ஆர். ஒன்று இறக்கையில் பனிக்கட்டி படிந்து விழுந்ததை அக்கா எடுத்துச் சொன்னார். 68 உயிர்கள். அதன் பின்பு இறக்கையில் பனியை உடைக்கும் பகுதியை அகலமாக்கினார்கள். எங்களுடையது வெக்கை நாடு, பனி எங்கே என்று நான் தட்டிக்கழிக்க மாட்டேன். எங்கள் வானத்திலும் பதினாறாயிரம் அடி தாண்டினால் உறைகுளிர்தான். விமானியின் பயிற்சியில் அதற்குக் கைவைக்கக் கூடாது. ஆனால் குறுந்தூரம் என்றால் அந்த உயரத்துக்குக் கீழேயே பறந்து முடிக்கலாம். கியூ 400 கண்ட விபத்துகளை அடுக்கி நான் புள்ளி வாங்கப் போவதில்லை. செத்தவர்களை வைத்து வாதம் வெல்ல எனக்கு மனமில்லை.

எண்ணூறு, ஆயிரம் கிலோமீற்றர் பாதைக்கு கியூ 400 மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஜெட் வந்து நிற்கிறது. அமெரிக்காவின் ஹொறைசன் நிறுவனம் கியூ 400ஐ நம்பிப் பல வருடம் பறந்தது. 2023 ஜனவரியில் கடைசி விமானத்தையும் நிறுத்திவிட்டு முழுக்க ஜெட்டுக்கு மாறியது. கியூ 400 தயாரிப்பும் 2021இல் நின்றுவிட்டது. ஏ.ரி.ஆர். இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வாசலிலேயே பாருங்கள். 2019 ஒக்ரோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்து இறங்கியது அலையன்ஸ் எயாரின் ஏ.ரி.ஆர். கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியபோதும் அதேதான். 2024 செப்ரெம்பரில் இன்டிகோவும் ஏ.ரி.ஆரோடுதான் வந்தது. முல்லைத்தீவிலிருந்து சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகும் ஒரு அம்மா, இரவு முழுக்க வீதி வழியே வான் வண்டியில் குலுங்கிக் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். அவருக்கு மிச்சமானது ஒரு முழு இரவு. அதைக் கொடுத்தது விமானத்தின் வேகம் அல்ல, விமானம் பக்கத்து ஊருக்கு வந்தது. வரும் விமானம் நட்டப்படாமல் ஓடினால்தான் நாளைக்கும் வரும்.

நாளை வவுனியாவுக்கோ இரணைமடுவுக்கோ பயணிகள் சேவை ஒன்று வருகிறது என்று வைப்போம். அந்த ஓடுபாதைகள் இன்று விமானப்படையிடம் இருக்கின்றன. முதல் நாளே எழுபது பேர் சேர மாட்டார்கள். முப்பத்தைந்து பேர் என்று வையுங்கள். 78 இருக்கை கியூ 400இல் பாதிக்கு மேல் வெறுமை. ஏ.ரி.ஆரின் தம்பியான ஏ.ரி.ஆர். 42இல் 48 இருக்கை, நான்கில் மூன்று பங்கு நிரம்பிவிடும். எழும்ப அதற்கு வேண்டிய ஓடுபாதை சுமார் 1,100 மீற்றர், கியூ 400க்கு 1,400. சித்திரை வெயிலில் காற்று இளகிவிடும், இரண்டுக்குமே இன்னும் நீளம் வேண்டும். சனம் கூடினால் 72ஐக் கொண்டுவரலாம். இரண்டையும் அதே விமானியே ஓட்டுவார். சிறு நகரங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் விமானம் விடும் உடான் திட்டத்தை இந்தியா தொடங்கியபோது, 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்ததும் இந்த 42தான். ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு 2,500 இந்திய ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டது. அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பியிடம் ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். முப்பத்தைந்து பேரோடு கியூ 400 வவுனியாவுக்கு வந்தால், ஆறு நிமிடம் முந்தி வந்ததற்காக ஒவ்வொருவரிடமும் ரிக்கற்றுக்கு எவ்வளவு கூட வாங்குவீர்கள்? தொகையைச் சொல்லுங்கள், தம்பி. நன்றி, வணக்கம்.