எண்ணெய் பரோட்டா விறைத்துப் போவது ஏன்? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை வீட்டில் மூன்று முறை செய்து பார்த்ததாகவும், ஒவ்வொரு முறையும் அது விறைத்துப்போய் எண்ணெயையும் குடித்துவிட்டதாகவும், சோடா உப்பு சேர்க்காததுதான் காரணமா என்றும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்.

சோடா உப்பு இதற்குத் தேவையே இல்லை. நீங்கள் சொல்லும் குறைகளில் முதலாவது, பெரும்பாலும் மாவு போதிய நேரம் ஊறாததால் வருவது. மைதாவில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து ரப்பர்போல இழுவையான ஒரு வலையாகிறது. பிசையப் பிசைய அது முறுக்கேறுவதால், பிசைந்த உடனே விரித்தால் மாவு சுருங்கித் திரும்புகிறது, வலிந்து இழுத்தால் கிழிகிறது. அப்படிக் கனமாக நின்றுவிட்ட மாவைச் சுருட்டிப் பொரித்தால் அடுக்கு பிரியாமல் ஒரே கட்டையாகத்தான் வேகும்.

ஆகவே அரை கிலோ மைதாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், 280 முதல் 300 மில்லி தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, கால் மணி நேரம் விடாமல் அடித்துப் பிசைந்து, ஈரத்துணி மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு 60 கிராம் அளவில் உருண்டை பிடித்தால் சுமார் 14 உருண்டைகள் வரும். அவற்றின் மேல் தாராளமாக எண்ணெய் தடவி இன்னும் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். உருண்டையை உள்ளங்கையால் அழுத்தும்போது அது பின்வாங்காமல் அப்படியே படிந்து நின்றால் மாவு தயார் என்று பொருள்.

கடைக்காரர்போல வீசத் தெரியவில்லையே என்று பலர் தயங்குகிறார்கள். எண்ணெய் தடவிய மேடையில் உருண்டையைத் தட்டி, ஓரங்களை விரலால் மெல்ல இழுத்தாலே கண்ணாடிபோல விரியும். ஆங்காங்கே ஓட்டை விழுந்தாலும் பாதகமில்லை. அதைப் புடவைக் கொசுவம்போல மடித்து, நீளமாக இழுத்து, தளர்வாகச் சுருட்டிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கையாலேயே தட்டுங்கள். பூரிக்கட்டையால் உருட்டினால் பாடுபட்டு உண்டாக்கிய அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அதை இங்கே எடுக்கவே வேண்டாம்.

இனி எண்ணெய் குடிப்பதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. பொரியும்போது மாவிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் எளிதில் உள்ளே நுழைவதில்லை. வெளியே எடுத்த பிறகு, உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும்போதுதான் மேற்பரப்பில் நிற்கும் எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. எனவே பரோட்டாவை எடுத்தவுடன் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், சூட்டோடு சூடாகக் கம்பி வலையில் செங்குத்தாக நிறுத்தி வடியவிடுங்கள்.

சூட்டின் அளவும் முக்கியம். விருதுநகர்க் கடைகளில் நடுவில் குழிந்த அகன்ற கல்லில் எண்ணெய் நிற்க விட்டுப் பொரிப்பார்கள். வீட்டில் அடி தட்டையான வாணலியில், பரோட்டா பாதி மூழ்கும் அளவு எண்ணெய் போதும். ஒரு துளி மாவைப் போட்டால் அது அடியில் சென்று நிதானமாக மேலே வர வேண்டும்; அது ஏறத்தாழ 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் சூடு. இதைவிடக் குறைந்தால், நிறம் வருவதற்குள் ஈரமெல்லாம் வற்றி நீங்கள் சொன்ன விறைப்பு வந்துவிடும். கூடினால் மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும். இரு பக்கமும் சேர்த்து நான்கைந்து நிமிடங்களில், மேலே மொறுமொறுப்பும் உள்ளே மிருதுவுமாக எடுத்துவிடலாம்.

சாப்பிடும்போது பிய்த்துப் போட்டு, சால்னாவைக் கெட்டியாக இல்லாமல் நீர்க்க வைத்து மேலே ஊற்றி, ஓரிரு நிமிடம் ஊறவிடுங்கள். மீந்த உருண்டைகளை எண்ணெய் தடவி மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் இன்னும் சுலபமாக விரியும். விரிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் போதும்.