மாமாவின் புல்லட்டில் கழற்றியதும் விட்டுவைத்ததும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய மோட்டார் சைக்கிளைக் குறைத்துக் கட்டுவது பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். பட்டறைக்கு வந்துபோன வண்டிகள் எத்தனையோ உண்டு. இன்றைக்கு ஒரே ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது என் தாய்மாமாவின் 1974 மாடல் புல்லட் 350.

மாமாவுக்குக் காங்கேயத்தில் கொப்பரை வியாபாரம். அவர் தவறிய பிறகு ஒன்பது வருஷம் அந்த வண்டி மாட்டுத் தொழுவத்தில் சாக்குப் போர்த்தி ஓர் ஓரமாக நின்றது. ஒருநாள் அத்தையே கூப்பிட்டுச் சொன்னார்: "எடுத்துட்டுப் போயிரு கண்ணு. இங்க கெடந்தா எலிதான் குடியிருக்கும்." சாக்கை விலக்கிப் பார்த்தேன். அத்தை சொன்னது சரிதான். ஏர் ஃபில்டர் பெட்டி நிறையத் தேங்காய் நாரும் பஞ்சும் அடைந்து கிடந்தன. டயர் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. கிக்கர் அசையவே இல்லை. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருந்தது.

டேங்கை மட்டும் அங்கேயே துணியால் துடைத்தேன். கறுப்புப் பெயிண்டு, பக்கவாட்டில் தங்க நிறக் கோடு. மேலே, மாமா பணப்பையை வைத்து வைத்து ஓட்டிய இடத்தில் மட்டும் பெயிண்டு போய் இரும்பு வழவழவென்று தெரிந்தது. அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வண்டி பட்டறைக்கு வந்ததும் என் மகன் சொன்னான்: "அப்பா, இதை பாப்பரா கட்டிடலாம்." இந்தச் சொல் இப்போது பிள்ளைகள் வாயில் சாதாரணமாக வருகிறது. குதிரையின் வாலைக் கட்டையாக நறுக்குவதை ஆங்கிலத்தில் 'பாப்' செய்வது என்பார்கள். 1930களில் அமெரிக்காவில் பந்தயம் ஓட்டிய இளைஞர்கள், வண்டியின் எடையைக் குறைக்க முன் மட்கார்டைக் கழற்றிவிட்டு, பின் மட்கார்டைக் கட்டையாக்கினார்கள். அதிலிருந்து வந்த பெயர் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு இந்தப் பழக்கம் பெருகியது. ராணுவத்துக்காகச் செய்த 740 சிசி ஹார்லி வண்டிகள் உபரியாகி மலிவாகக் கிடைத்தன. போரிலிருந்து திரும்பிய பையன்கள் அவற்றை வாங்கி, ஓட்டத்துக்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றினார்கள். கையில் பெரிய காசும் இல்லை, பெரிய பட்டறையும் இல்லை. இருந்தது ஸ்பேனர்தான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பாப்பர் வேறு, சாப்பர் வேறு. சாப்பர் அதற்குப் பிறகு வந்தது. ஃப்ரேமின் கழுத்தை அறுத்துச் சாய்ப்பார்கள், முன் ஃபோர்க்கை நீளமாக்குவார்கள். அது வெல்டிங் வேலை. பாப்பர் அடிப்படையில் கழற்றுகிற வேலை. இங்கிலாந்தில் 1950களிலும் 60களிலும் லண்டன் ஏஸ் கஃபே மாதிரியான இடங்களில் கூடிய பையன்கள் கட்டிய கஃபே ரேசர் இன்னொரு வகை. தாழ்ந்த ஹேண்டில்பார், பின்னால் தள்ளி வைத்த ஃபுட் ரெஸ்ட், மணிக்கு நூறு மைல் தொட வேண்டும் என்கிற வேகம். நம் ஊரில் இந்த மூன்றையும் போட்டுக் குழப்பி, பாப்பர் என்றாலே முதலில் கட்டிங் மிஷினைக் கையில் எடுக்கிறார்கள்.

நானும் எடுத்தவன்தான். 1998இல் ஒருவர் அறுபதுகளில் வந்த ஒரு புல்லட்டைக் கொண்டுவந்தார். பின்பக்கம் சீட்டுக்கும் மட்கார்டுக்கும் பிடிமானமாக வளைந்து வரும் குழாயை அறுத்து எடுக்கச் சொன்னார். அரை மணி நேர வேலை. அறுத்தேன், தேய்த்தேன், பெயிண்டு அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இருபது வருஷம் கழித்து அவர் மகன் அதே வண்டியோடு வந்தார். அப்பா இறந்துவிட்டார், வண்டியைப் பழையபடி ஆக்கித் தர முடியுமா என்று கேட்டார். அந்தத் துண்டு என்றைக்கோ காயலான் கடைக்குப் போய்விட்டது. வேறு குழாயை வளைத்து வெல்டு வைத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரவில்லை. பின் சீட் ஒரு விரல் அளவு சாய்ந்தே இருந்தது. அந்தப் பையன் குறை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதனால் மாமா வண்டிக்கு முதலிலேயே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். நட்டு போல்ட்டைத் திருப்பிக் கழற்ற முடிகிறதைக் கழற்றலாம். கம்பெனி கொடுத்த எந்த இரும்பையும் அறுக்கக் கூடாது, அதில் புதிதாக ஓட்டை போடக் கூடாது, வெல்டு வைக்கக் கூடாது.

கழற்றுவதே பெரிய வேலை. புல்லட் என்ற மாடலே இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்தது. 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 800 புல்லட் கேட்டது. 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் ஆலை வந்தது. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள், அப்புறம் அச்சும் கருவியும் இங்கேயே வந்து, எல்லா பாகமும் இங்கேயே தயாரானது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் அதே புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. அதே அளவுகளில் என்பதுதான் மெக்கானிக்குக் கவனிக்க வேண்டிய விஷயம். பழைய புல்லட்டின் பல நட்டுகள் இங்கிலாந்து அங்குல மரைக் கணக்கில் செய்தவை. மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்கார்ந்த மாதிரி இருக்கும், பலம் கொடுத்ததும் நழுவி நட்டின் மூலையை மழித்துவிடும். துருவேறிய வண்டியில் இது நடந்தால் அப்புறம் உளிதான். நான் அந்த அங்குலக் கணக்குக்கான பழைய விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்றைத் தேடி வாங்கி, ஒவ்வொரு நட்டுக்கும் முதல் நாள் மாலையே எண்ணெய் விட்டு ஊறவைத்து, காலையில் திருப்பினேன். பதினோரு நாள் ஆயிற்று. ஒரு நட்டுகூடக் கெடவில்லை.

லெக் கார்டு, கேரியர், பின் சீட், மட்கார்டு இரண்டு, அவற்றின் கம்பிகள், சென்டர் ஸ்டாண்டு எல்லாவற்றையும் எதிர்த்த கடைத் தராசில் வைத்தோம். 24 கிலோ இருந்தது. மொத்தமே 160 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வருகிற வண்டியில் இது பெரிய எடை. கழற்றிய பிறகு மகன் ஒற்றைக் கையால் வண்டியைச் சாய்த்துப் பார்த்துச் சிரித்தான்.

கழற்ற நினைத்து விட்டுவைத்தவையும் உண்டு. ஹெட்லைட்டைச் சுற்றி அந்தப் பெரிய இரும்பு மூஞ்சி, இரண்டு பக்கமும் குட்டி விளக்கு, நடுவில் மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டர். இதைத் தூக்கிவிட்டுச் சின்ன உருண்டை விளக்கு வைப்பது இப்போதைய வழக்கம். ஆனால் புல்லட்டில் அது வெறும் மூடி இல்லை. முன் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் மேலே பிடித்திருப்பதே அதுதான். அதை எடுத்தால் அந்த இடத்துக்கு வேறு பிடிமானம் செய்ய வேண்டும். அதே மாதிரி, புல்லட் ஃப்ரேமின் முன் குழாய் எஞ்சினோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே எஞ்சினும் கியர் பாக்ஸும்தான் ஃப்ரேமின் மிச்சம். எஞ்சினை இறக்கினால் அடிப்பக்கம் திறந்து கிடக்கும். எது சுமக்கிறது, எது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வண்டியே சொல்லும். கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எஞ்சினுக்கு வருகிறேன். 346 சிசி. சிலிண்டரின் உள் அகலம், அதாவது போர், 70 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 90 மில்லிமீட்டர். பிஸ்டன் அகலத்தைவிட அதிக தூரம் ஏறி இறங்குகிறது. அந்த நிதானமான துடிப்பு இதனால்தான். ப்ளக் ஓட்டை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி நாலு நாள் விட்டேன். ஐந்தாம் நாள் வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினேன். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். பிஸ்டன் விட்டுக்கொடுத்தது. சிலிண்டரில் துருக்கோடு விழுந்திருந்ததால் அடுத்த சைஸ் போர் செய்து புதுப் பிஸ்டன், புது ரிங் போட்டோம்.

இங்கேதான் ஒரு தப்பு செய்தேன். பார்வைக்கு வெறிச்சென்று இருக்கட்டும் என்று ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு, கார்புரேட்டரில் நேராகச் சின்ன ஃபில்டர் ஒன்றை மாட்டினேன். அவிநாசி ரோட்டில் ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே இக்னிஷனை அணைத்து, ஓரமாக நிறுத்தி ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பற்றவில்லை என்று அர்த்தம். இப்படியே விட்டால் சூடேறி, புதுப் பிஸ்டன் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற துளைதான் ஜெட். அதில் பெரியதைப் போட்டேன். கரி படிந்து கறுப்பானது. நடுவில் ஒன்றைத் தேடிப் போட்டேன். பிஸ்கட் நிறம் வந்தது, அதுதான் சரியான நிறம். ஆனால் மழையில் திணறியது, புழுதியில் அடைத்தது, சத்தம் மட்டும் கூடியது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, எலி குடியிருந்த அதே பெட்டியைக் கழுவி, உள்ளே புது ஃபில்டர் வைத்து மாட்டினேன். ஜெட்டும் பழைய அளவுக்கே திரும்பியது. திருவொற்றியூர் ஆட்கள் அந்தப் பெட்டியை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இளைஞர்கள் நிறையப் பேர் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம், கம்பெனி முதலில் கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, ஃபுட் ரெஸ்ட் வேண்டும். துணி சிக்காமல் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற சாரி கார்டும் வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் பின் சீட், கைப்பிடி, சாரி கார்டு மூன்றையும் ரோட்டில் இறங்கும்போது மாட்டுகிறேன். பட்டறையில் ஸ்பிரிங் வைத்த ஒற்றைச் சீட்டோடு நிற்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சேலை சக்கரத்தில் சிக்கி விழுந்த ஒரு அம்மாவை நான் தூக்கிவிட்டிருக்கிறேன். அந்த விதியை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சைலன்சரும் கம்பெனி சைலன்சர்தான். காதைப் பிளக்கிற சத்தம் வைத்தால்தான் புல்லட் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அது தவறு.

இன்னொன்று. 2021இல் வந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேலான, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் உருவத்திலேயே இருக்கிற வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. தினசரி ஓட்டத்துக்கு அந்தப் பதிவு ஆகாது, கண்காட்சி, பேரணி மாதிரியானவற்றுக்குத்தான். மாமா வண்டி அந்த வயதைத் தாண்டிவிட்டது. ஒரு ஃப்ரேமை அறுத்த அரை மணி நேரத்தில் இந்த வாய்ப்பு போய்விடும். அறுக்காமல் விட்டதால் என் மகனுக்கு அது இன்னும் கையில் இருக்கிறது.

டேங்கைப் பெயிண்டு அடிக்கச் சொல்லித்தான் எல்லோரும் சொன்னார்கள். திருவொற்றியூரில் அந்தத் தங்கக் கோட்டைப் பல காலம் கையால்தான் போட்டார்கள். தூரிகையை ஒரே இழுப்பில் டேங்கின் வளைவோடு கொண்டுபோக வேண்டும். எங்கள் டேங்கில் இடப்பக்கக் கோடு ஓரிடத்தில் ஒரு நூல் அளவு தடித்திருக்கிறது. அங்கே ஒரு தொழிலாளியின் கை ஒரு கணம் நின்றிருக்கிறது. உள்ளே பழைய நட்டுகளும் டீசலும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தேன். வெளியே மெழுகு மட்டும் தேய்த்தேன். பட்டி பார்க்கவில்லை, பெயிண்டு அடிக்கவில்லை.

வண்டி தயாரானதும் காங்கேயத்துக்கே கொண்டுபோனோம். அத்தை சுற்றி வந்து பார்த்தார். "என்ன கண்ணு, பாதி வண்டியக் காணோம்?" என்றார். பிறகு டேங்கின் மேல் அந்த வழவழப்பான இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது இருக்குது," என்றார்.

திரும்பும்போது ஸ்டார்ட் செய்தது மகன். இக்னிஷனைப் போட்டு, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல இறக்கினான். ஒரு பக்கம் சாய்ந்திருந்த ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வந்து நின்றது. ப்ளக்குக்குப் பொறி கொடுக்கிற மின் தொடர்பான பாயிண்ட் திறந்துவிட்டது. லீவரை விட்டான். கிக்கர் மேலே வந்தது. ஒரே மிதி.

கழற்றியவற்றில் பின் சீட் தவிர மற்றதெல்லாம் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் எண்ணெய்த் துணி சுற்றி இருக்கிறது. எந்த போல்ட் எந்த இடம் என்று ஒரு நோட்டில் எழுதி, படமும் போட்டு, அதையும் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்.

நன்றி. வணக்கம்.