வெள்ளையடிக்கும் காசு யார் தலையில்?

நேயர்களுக்கு வணக்கம். வாடகை ஒப்பந்தம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கடைசியிலிருந்து, அதாவது அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னைப் போன்ற வக்கீல்களைத் தேடி ஆட்கள் வருவது அப்போதுதான்.

ஒரு தம்பதி ஒப்பந்தத்தை எடுத்து வந்தார்கள். 20 ரூபாய் முத்திரைத்தாள், பின்னால் இரண்டு வெள்ளைத்தாள். இரண்டாம் பக்கத்தில் வாடகைதாரர் பெயர் வேறு யாரோ! முன்பு குடியிருந்தவருடைய ஒப்பந்தத்தையே ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் திருத்தி எடுத்திருக்கிறார்கள். அந்த ஓர் இடம் தப்பிவிட்டது. கையெழுத்துப் போட்ட இரண்டு தரப்பும் படிக்கவில்லை. ஆனால் ஏழாவது ஷரத்தில் ஒரு பிழையும் இல்லை: காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம். "எல்லா வீட்லயும் இப்படித்தானே மேடம்?" என்றார் அந்த அம்மா.

வழக்கம் அப்படித்தான். சட்டம் அப்படி இல்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017இல் புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் இரண்டாம் அட்டவணையை வாய்ப்புக் கிடைத்தால் படித்துப் பாருங்கள், சுவாரசியமானது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி இவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் எழுத்து மூலம் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் அதுதான் செல்லும். அந்த ஏழாவது ஷரத்துக்குப் பலம் வருவது இதனால்தான்.

அட்வான்ஸும் அப்படியே. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். 'வேறு உடன்பாடு இல்லாவிட்டால்' என்ற வாலும் கூடவே இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் தந்துவிட வேண்டும்.

"பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு?" என்பார்கள். அது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்கான கணக்கு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்பதால் ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். புதுச் சட்டத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. எத்தனை மாதமானாலும் எழுதிக்கொண்டு, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தகராறு வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். அதைவிட, சாவி கொடுக்கும் அன்றே இருவரும் அறை அறையாக நடந்து பாருங்கள். மீட்டர் ரீடிங், ஃபேன் எத்தனை, பாத்ரூம் டைல்ஸில் விரிசல் எங்கே என்று ஒரு தாளில் குறித்து, இருவரும் கையெழுத்திடுங்கள். சுவரை மொபைலில் படம் எடுத்து, அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

அந்தத் தம்பதிக்கு வெள்ளையடித்த காசு திரும்பவில்லை. அடுத்த வீட்டு ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்பே என்னிடம் கொண்டுவந்தார்கள். அதிலும் அதே ஷரத்து, இந்த முறை ஒன்பதாவது. வீட்டுக்காரரிடம் பேசினார்கள், பாதி மாத வாடகைக்கு இறங்கி வந்தார். பழைய வரியைப் பேனாவால் அடித்து, மேலே புதிதாக எழுதி, ஓரத்தில் இருவரும் சின்னக் கையெழுத்துப் போட்டார்கள்.