பேஸ்பால் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு கிருஷ்ணகிரியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் கூச்சல் பசங்களின் டென்னிஸ் பால் மேட்ச், கண்டுகொள்ளாதீர்கள். ஒரு வகையில் இன்றைய விஷயமும் அதை ஒட்டியதுதான்.

ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரியில் அமெரிக்காக்காரர்களோடு கால் பேசுகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. இலக்கணம் தெரியும், வார்த்தையும் தெரியும், ஆனாலும் அவர் சொல்வது பிடிபடாது. பல நேரம் அங்கே இடிப்பது பேஸ்பால், அதாவது நம் கிரிக்கெட் மாதிரி அமெரிக்காக்காரர்கள் ஆடும் பேட்-பந்து ஆட்டத்திலிருந்து பேச்சுக்குள் வந்த சொலவடைகள்.

பிரிட்டிஷ்காரர் 'ஆன் த பேக் ஃபுட்' என்றால் நமக்கு யாரும் விளக்க வேண்டாம். பவுன்சர் வந்தால் பேட்ஸ்மேன் பின்னங்காலுக்குப் போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். 'ஸ்டிக்கி விக்கெட்' மட்டும் கொஞ்சம் பழசு. பிட்ச்சை மூடி வைக்காத காலத்தில், மழையில் நனைந்து வெயிலில் காயும்போது பந்து கன்னாபின்னாவென்று எகிறும். அதுபோன்ற இக்கட்டு என்று பொருள். இப்போது பிட்ச்சை மூடிவிடுகிறார்கள், பேச்சு மட்டும் மிச்சம்.

அமெரிக்காக்காரர் 'பால்பார்க் ஃபிகர்' கேட்டால்தான் வம்பு. பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம். அவருக்கு வேண்டியது குத்துமதிப்பு. நம் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்குப் பேச வரும் வியாபாரி, பிஞ்சு விட்டிருக்கும்போதே ஒரு சுற்று நடந்து, அண்ணாந்து பார்த்து, "பெங்களூரா ஒரு பத்து டன் தேறும்" என்பாரே (பெங்களூரா ஒரு மாம்பழ ரகம்), அதேதான். அந்த நேரத்தில் எக்செல் ஷீட்டைத் திறந்து பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டால் அவர் கடுப்பாகிவிடுவார். வாய்வழியாகச் சொன்ன தொகையையே நாளைக்கு கொட்டேஷனாகப் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயமும் நியாயம்தான். 'ரஃப் எஸ்டிமேட்' என்று மெயிலில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

அப்புறம் 'ஸ்டெப் அப் டு த பிளேட்'. சாப்பாட்டுத் தட்டைத் தேடாதீர்கள். பேட் பிடிப்பவர் பக்கத்தில் போய் நிற்கும், தரையில் பதித்த ஐந்து முனைப் பட்டைக்கு ஹோம் பிளேட் என்று பெயர். பொறுப்பை ஏற்று முன்னே வா என்கிறார். 'டச் பேஸ்' என்றால் ஒரு வார்த்தை பேசிக்கொள்வோம், அவ்வளவுதான்.

'கர்வ்பால்' சுலபம். பேஸ்பாலில் பந்தைத் தரையில் குத்தாமல் நேராக எறிவார்கள், அது காற்றிலேயே வளைந்து ஏமாற்றும். எதிர்பாராமல் வந்த சிக்கலுக்கு அந்தப் பெயர். நாம் 'கூக்ளி போட்டுட்டான்' என்போமே, அதன் அமெரிக்கப் பங்காளி.

எனக்குப் பிடித்தது 'ரெயின் செக்'. மழையால் மேட்ச் நின்றுபோனால், இன்னொரு நாள் வந்து பார்க்கச் சீட்டு கொடுப்பது 1880களில் அமெரிக்க பேஸ்பாலில் வந்த வழக்கம். ஓசூர் வந்திருக்கும் கிளையன்ட்டை நீங்கள் சாப்பிடக் கூப்பிட, அவர் 'ஐ வில் டேக் எ ரெயின் செக்' என்றால், ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்க்க வேண்டாம். இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்கிறார். பல நேரம் இது நாசூக்கான 'வேண்டாம்'தான் என்பது என் எண்ணம். "சரி, அப்போ வெள்ளிக்கிழமை?" என்று உடனே மடக்காதீர்கள். அவராக மறுபடி பேச்செடுத்தால் பிரியாணிக்குக் கூட்டிப் போங்கள்.